நூம்பலில் நான் வரவழைத்த வெள்ளம்

ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லாமல், முப்பத்தாறு குடும்பங்களை வெள்ளத்துக்குப் பயந்து ஓட வைத்தவள் நான். இதை நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுவது நல்லது. நூம்பல் பக்கம் யாரைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்வார்கள். அவர்கள் சொல்லும்போது கடைசியில் ஒரு ஹெலிகாப்டர் வருகிறது. (ஹெலிகாப்டர் வரவில்லை. சத்தியமாக.)

எனக்குச் சொந்த ஊர் தக்கலைக்குப் பக்கம். தமிழ்நாட்டின் தென்கோடி, இன்னும் கொஞ்சம் எட்டி வைத்தால் கேரளம். நாங்கள் பேசுவது தமிழ்தான் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. மற்றவர்களுக்குத்தான் இருக்கிறது. கல்யாணமான கையோடு கணவர் ஜெயனுக்குப் பூந்தமல்லியில் வேலை, எனக்கு அம்பத்தூரில் வேலை என்று ஆனதால், இரண்டுக்கும் நடுவில் நூம்பலில் ஒரு ஃபிளாட்டில் வாடகைக்குக் குடியேறினோம். அலுவலகத்தில் முதல் நாள், பக்கத்து இருக்கைப் பெண் என்னோடு பத்து நிமிடம் பேசிவிட்டு, "மலையாளியா இருந்தும் தமிழ் சூப்பரா பேசறீங்க" என்று பாராட்டினாள். நான் தேங்க்ஸ் சொன்னேன். (வேறென்ன சொல்ல?)

அடுத்த அடி சாரத்தில் விழுந்தது. எங்கள் ஊரில் சாரம் என்றால் லுங்கி. தரைத்தளத்தில் தையல் கடை வைத்திருக்கும் கலா அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெயனைத் தேடி வந்தார். "உள்ள சாரம் கட்டிட்டு இருக்காங்க அக்கா, இப்ப வந்துடுவாங்க" என்றேன். அக்காவின் முகம் மாறியது. எட்டி உள்ளே பார்த்தார். "வாடகை வீட்ல எதுக்கும்மா சாரம் கட்டறீங்க? ஓனர்கிட்ட கேட்டீங்களா? சுவத்துல ஓட்டை போட்டா அட்வான்ஸ்ல பிடிப்பாரு."

இவை எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாமல் போனது கடையில்தான். மண்டை காயும் ஒரு மே மாதத்து மதியம், வேலப்பன்சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, தாகத்தில் முன்னால் தெரிந்த கடைக்குப் போய், "அண்ணா, ஒரு குப்பி வெள்ளம்" என்றேன். எங்கள் ஊரில் குப்பி என்றால் பாட்டில், வெள்ளம் என்றால் தண்ணீர். குடிக்கிற, குளிக்கிற, கிணற்றில் கிடக்கிற சாதாரணத் தண்ணீர். கடைக்காரர் யோசித்தார். "வெல்லம் குப்பில வராதும்மா. கால் கிலோ போடவா?" என்றார். பின்னால் நான்கு பேர் நின்றார்கள். விளக்கம் சொல்ல வெட்கமாக இருந்தது. கால் கிலோ வெல்லத்தை வாங்கிக்கொண்டு, அதில் ஒரு துண்டை வாயில் போட்டபடி, நாக்கு வறள வீட்டுக்கு நடந்தேன்.

அன்று மாலையே ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். இடது பக்கம் எங்கள் ஊர்ச் சொல், வலது பக்கம் சென்னைச் சொல். குப்பிக்கு எதிரே பாட்டில். வாளிக்கு எதிரே பக்கெட். வெள்ளத்துக்கு எதிரே தண்ணி, அடியில் இரண்டு கோடு. பஸ்ஸில் போகும்போது முணுமுணுத்து மனப்பாடம் செய்தேன். ஆறே மாதத்தில் என் நாக்கு சென்னையில் பிறந்ததுபோல் ஆகிவிட்டதாக நானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டேன். திமிர் ஏறியதும் அடுத்த வகுப்புக்குத் தாவினேன். எங்கள் ஃபிளாட்டில் மோட்டார் போடுவது, கேட்டைப் பார்த்துக்கொள்வது எல்லாம் ஏழுமலை அண்ணன். நூம்பலிலேயே பிறந்து வளர்ந்தவர். ஒரு நாள் காலை அவரிடம் போய், "இன்னா அண்ணாத்தே, தண்ணி வந்துகினு கீதா?" என்று கேட்டேன்.

அவர் என்னை நெடுநேரம் பார்த்தார்.

"ஏம்மா, ஒடம்பு எதுனா செரியில்லியா?" என்றார்.

இருந்தாலும் பொதுவான சென்னைத் தமிழில் நான் தேறிவிட்டேன் என்றே நம்பினேன். வெளியே அப்படி. வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றியதும் தக்கலை. ஜெயன் இந்தப் பயிற்சி எதிலும் சேரவில்லை. "நான் எதுக்குட்டீ மாத்தணும்? அவங்க புரிஞ்சுக்கட்டும்" என்பது அவர் கொள்கை. நானோ வாட்ஸ்ஆப்பில் ஒரு குரல் செய்தி அனுப்ப வேண்டுமென்றால்கூட மூன்று தடவை ஒத்திகை பார்த்து, நான்காவது தடவைதான் அனுப்புவேன்.

இந்த அழகில் என்னை எங்கள் ஃபிளாட் குடியிருப்போர் சங்கத்தின் தண்ணீர்ப் பொறுப்பாளர் ஆக்கினார்கள்.

அது சொந்த வீட்டுக்காரர்கள் யாரும் கிட்டே வராத பதவி. சங்கச் செயலாளர் சென்னியப்பன் சார்தான் என்னைப் பிடித்தார். அவர் கோபிச்செட்டிபாளையத்துக்காரர். ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் தீயணைப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே அவர் காலத்தில் ஒரு தீக்குச்சிகூடத் தவறி எரியவில்லையாம். அந்த ஏக்கம் அவருக்கு உண்டு. எங்கள் ஃபிளாட்டுக்கென்று ஓர் அவசரகாலத் திட்டம் எழுதி, பச்சை அட்டை போட்டு வைத்திருந்தார். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். "நீங்க சின்ன வயசுங்க. போன்ல கெட்டிக்காரங்க. லாரி வந்தா குரூப்புல ஒரு வார்த்தை சொன்னாப் போதுங்க அம்மிணி" என்றார். ஒரு வார்த்தைதானே என்று ஒப்புக்கொண்டேன்.

அந்த ஆண்டு நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், குழாயில் காற்று. ஊரே நனையும்போது வீட்டில் தண்ணீர் இல்லாமல் போவதைச் சென்னைக்கு வந்துதான் பார்த்தேன். தெருத்தண்ணீர் எங்கள் கீழ்த்தொட்டியில் புகுந்து, தொட்டி டீ நிறத்துக்கு மாறிவிட்டது. கழுவும்வரை அதில் ஊற்ற முடியாது. அதனால் லாரியைக் கேட் அருகே நிறுத்தி, அவரவர் பக்கெட்டில் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று முடிவானது. வியாழக்கிழமை வருவதாகச் சொன்ன லாரி வெள்ளிக்கிழமையும் வரவில்லை. லிஃப்ட்டில் ஏறினால் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நாற்பத்தெட்டு மணி நேரம் சரியாகக் குளிக்காத ஒருவர் நம்மை முறைப்பதில் ஒரு தனிக் கடுமை இருக்கிறது.

போதாக்குறைக்கு, ஏரி நிரம்பிவிட்டது, எந்த நேரமும் திறப்பார்கள், கூவத்தில் தண்ணீர் கரை தொட்டு ஓடுகிறது என்று குரூப்பில் மணிக்கொரு செய்தி. இத்தனை ஆயிரம் கன அடி, அத்தனை ஆயிரம் கன அடி என்று எல்லோர் வாயிலும் கணக்கு. நான் அதையெல்லாம் படிக்கவே இல்லை. எனக்கு என் லாரி கவலை.

சனிக்கிழமை காலை பதினொரு மணி. மழை விட்டு, தெருத்தண்ணீரும் வடிந்து, வானம் மட்டும் கறுத்துக் கிடந்தது. அடுப்பில் கடைசிக் குடத்துத் தண்ணீரில் உலை வைத்திருந்தேன். கீழே ஒரு ஹாரன். பால்கனிக்கு ஓடிப் பார்த்தால், கேட்டில் லாரி! மூன்று நாள் அவமானம் ஒரே நொடியில் தீர்ந்த சந்தோஷத்தில் ஒத்திகையும் மறந்தது, நோட்டுப் புத்தகமும் மறந்தது. போனைக் கையில் எடுத்து, மூச்சிரைக்க, குரல் செய்தி அனுப்பினேன்:

"வெள்ளம் வந்தாச்சு! கேட்டுக்கிட்ட வந்தாச்சு! எல்லாரும் வேகமா எறங்குங்க! அரை மணி நேரம்தான் இருக்கு!"

குளியலறைப் பக்கமிருந்து ஜெயன் தலையை நீட்டினார். "வெள்ளம் வந்தாச்சா? வாளிய எடு. அந்தக் குட்டுவத்தையும் எடு." (குட்டுவம் என்றால் பெரிய பித்தளைப் பாத்திரம். சீதனமாக வந்தது. இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க முடியும்.) முப்பத்தாறு வீடுகளில் என் செய்தியைச் சரியாகப் புரிந்துகொண்ட ஒரே மனிதர் அவர்தான்.

படியிறங்கும்போதே சென்னியப்பன் சாரிடமிருந்து போன்.

"அம்மிணி, நெசமாத்தானுங்களா?"

"ஆமா சார், கண்ணால பாத்தேன். கேட்டுல நிக்குது."

"எவ்வளவுங்க வந்திருக்குது?"

"பன்னெண்டாயிரம் சார்." (லாரியின் கொள்ளளவு. லிட்டரில்.)

அந்தப் பக்கம் அவர் மூச்சை இழுப்பது கேட்டது. "பன்னெண்டாயிரமுங்களா!"

மனிதருக்கு எவ்வளவு மகிழ்ச்சி என்று எண்ணி, இன்னும் மகிழ்விப்பதற்காக, "சாயங்காலம் இன்னொரு பன்னெண்டாயிரம் விடறாங்களாம் சார்" என்றேன்.

"நீங்க பதறாதீங்க. நான் பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டார். அடுத்த நொடி விசில் சத்தம் கட்டடத்தையே தூக்கியது. மூன்று நீளம், ஒரு குட்டை. வரிசையில் நிற்கவைக்க விசில் ஊதுகிறார், என்ன ஒழுங்கு என்று நினைத்துக்கொண்டேன்.

படியில் ஆட்கள் மேலே ஏறிக்கொண்டிருந்தார்கள். பக்கெட் எடுக்கப் போகிறார்கள் போல. ஒருவர் டிவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏறினார். அதுதான் கொஞ்சம் இடித்தது. ஆனால் அவருக்கு எப்போதுமே டிவிமேல் பாசம் அதிகம். கலா அக்கா வழிமறித்தார். கண் கலங்கியிருந்தது. "பிந்து, என் மெஷினை உன் வீட்ல வெச்சுக்கட்டுமாம்மா?"

வாஷிங் மெஷினில் தண்ணீர் பிடித்து வைக்கப்போகிறார் என்று நினைத்தேன். நல்ல யோசனையாகத்தான் பட்டது. "தாராளமா அக்கா, கதவு திறந்துதான் இருக்கு. எல்லாரையும் வரச் சொல்லுங்க" என்றேன்.

"நீ நல்லா இருப்பே" என்று என் கன்னத்தைத் தடவிவிட்டு ஓடினார்.

கீழே வந்தால், கார் நிறுத்தும் இடத்தில் எல்லாக் கார்களும் ஒரே நேரத்தில் உறுமிக்கொண்டிருந்தன. வேலப்பன்சாவடி மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டுமாம். ஆனால் கேட்டை மறித்துக்கொண்டு லாரி. பத்துக் கார்கள் லாரியைப் பார்த்து ஹாரன் அடித்தன. ஓட்டுநர் சேகர் குழாயை மாட்டுவதற்காகக் கீழே இறங்கியவர் திகைத்து நின்றார். சென்னியப்பன் சார் பச்சை அட்டையை ஆட்டிக்கொண்டு அவரிடம் ஓடினார்.

"வண்டிய அக்கட்டால எடுங்க! அக்கட்டால!"

எங்கள் ஊருக்கு 'அங்கோடி' எப்படியோ, கோபிக்கு 'அக்கட்டால' அப்படி. அந்தப் பக்கம் என்று அர்த்தம். சேகர் சுற்றிலும் பார்த்தார். "எந்த அக்கா சார்?"

"வெள்ளம் வருது தம்பி! பன்னெண்டாயிரம் தொறந்துட்டாங்க! எடுங்க வண்டிய!"

'வெள்ளம்' மட்டும் சேகருக்குப் புரிந்தது. அவர் வீடு ஏரிப் பக்கம், நசரத்பேட்டையில். முகம் வெளுத்தது. ஒரே தாவில் ஏறி, வண்டியைப் பின்னுக்கு எடுத்துத் திருப்பி, ஒரு சொட்டும் இறக்காமல், பன்னிரண்டாயிரம் லிட்டரோடு பறந்துவிட்டார்.

நானும் ஜெயனும் குட்டுவத்தை ஆளுக்கொரு காதாகப் பிடித்துக்கொண்டு நின்றோம். மூன்று நாள் காத்திருந்த லாரி தெருமுனையில் திரும்புகிறது. பக்கெட்டை ஆட்டிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

"ஐயோ வெள்ளம் போகுது! வெள்ளம் போகுது! யாராவது பிடிங்களேன்!"

முதல் காரில் இருந்தவர் கண்ணாடியை இறக்கினார். "போகுதா? வடிஞ்சிடுச்சா மேடம்?"

அப்போதுதான் என் மண்டைக்குள் ஏதோ ஒன்று சத்தம் போட்டு உடைந்தது. டிவி, கலா அக்காவின் கண்ணீர், விசில், பன்னெண்டாயிரம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வந்து நின்றன. நோட்டுப் புத்தகத்தில் இரண்டு கோடு போட்ட அந்த வரி கண்முன்னே வந்தது. ஜெயனைப் பார்த்தேன். அவருக்கு இன்னும் புரியவில்லை. "இவங்களுக்கு வெள்ளம் வேண்டாமாமா?" என்றார்.

அப்படியே ஊருக்கு ரயில் ஏறிவிடலாமா என்று நினைத்தேன். உண்மையைச் சொல்லாமல், யாரோ தவறான தகவல் கொடுத்துவிட்டார்கள் என்று சொல்லித் தப்பிக்கவும் ஒரு நொடி மனசு போனது. அதற்குள் தெருவின் மறுமுனையில் கூட்டமாக ஆட்கள் வருவது தெரிந்தது.

முன்னால் ஏழுமலை அண்ணன். தலையில் ஒரு பெரிய மூட்டை. பின்னால் அவர் மனைவி செல்வி, இடுப்பில் குடம், கையில் அடுக்குப் பாத்திரம். அதற்குப் பின்னால் அவர்கள் தெருக்காரர்கள் ஏழெட்டுக் குடும்பம், குழந்தை குட்டி, சட்டி பானை, இரண்டு ஆடுகளோடு. ஏழுமலை அண்ணனின் வீடு கூவத்தை ஒட்டிய பள்ளத் தெருவில். குரூப்பில் அவரும் இருக்கிறார். என் குரல் செய்தியை அவர் தெரு முழுக்கப் போட்டுக் காட்டியிருக்கிறார்.

"மேடம்மா, மொட்டமாடில கொஞ்ச நேரம் குந்திக்கட்டுமா எல்லாரும்?" என்றார். மூச்சு வாங்கியது. "எங்க ஊடு பள்ளத்துல கீதும்மா. போன தபா பீரோ வரிக்கும் நின்னுச்சு. புள்ளைங்க புஸ்தகம் எல்லாம் ஊறிப் பூட்ச்சு. அதான் இந்தத் தபா மொதல்ல புஸ்தகத்த எடுத்தேன்."

தலையில் இருந்தது துணிமூட்டை என்று நினைத்திருந்தேன். புத்தகங்கள்.

அதற்கு மேல் பொய் சொல்ல என்னால் முடியவில்லை. பக்கெட்டைக் கீழே வைத்தேன். காரில் இருந்தவர்கள், படியில் நின்றவர்கள், தெருக்காரர்கள், சென்னியப்பன் சார், இரண்டு ஆடுகள் எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன்.

"வெள்ளம் வரலை. ஏரி எதுவும் திறக்கலை. எங்க ஊர்ல... எங்க ஊர்ல தண்ணிய வெள்ளம்னு சொல்வோம். நான் தண்ணி லாரி வந்தாச்சுன்னுதான் சொன்னேன்."

கார்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. சென்னியப்பன் சார் பச்சை அட்டையை மெதுவாக மூடினார். அவர் முகத்தைப் பார்க்கத்தான் எனக்கு மிகவும் பாவமாக இருந்தது. "பன்னெண்டாயிரம்?" என்றார்.

"லிட்டர் சார்."

செல்வி குடத்தை இறக்கி வைத்தார். திட்டப்போகிறார், திட்டட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஏம்மா, நான் ஒண்ணு கேக்கறேன். தண்ணிய வெள்ளம்ன்ற. அப்ப நெஜமா வெள்ளம் வந்தா இன்னான்னுவ?"

"அதையும் வெள்ளம்னுதான்..."

"அப்ப எப்டி தெரியும்? எத குடிக்கறது, எதுக்கு ஓடறதுன்னு?"

"'வெள்ளம் கேறிட்டு'ன்னு சொன்னா ஓடணும். 'வெள்ளம் வந்தாச்சு'ன்னா குடிக்கலாம்" என்று முனகினேன்.

செல்வி என்னைப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார், அவர் தலையில் இருந்த புத்தகங்களைப் பார்த்தார். முதலில் தோள்தான் குலுங்கியது. அப்புறம் அங்கேயே தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "யோவ், குடிக்கிற தண்ணிக்குப் பயந்துகினு ஆட்ட அவுத்துக்கினு வந்துகீறோம்யா!" அவர் சிரித்ததும் தெரு சிரித்தது. தெரு சிரித்ததும் ஃபிளாட் சிரித்தது. நான் மட்டும் அழுதேன். ஏழுமலை அண்ணன் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, "அட, இன்னாத்துக்கும்மா அழுவற? வெள்ளம் வரலன்றது நல்ல சேதிதான?" என்றார்.

ஆனால் தண்ணீர் வேண்டுமே. சேகர் என் போனை எடுக்கவில்லை. ஏழுமலை அண்ணன் தன் போனில் கூப்பிட்டு, எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"டேய் சேகரு, இன்னாடா வண்டிய எடுத்துக்கினு பூட்ட?"

"நீங்கதானடா தொரத்தி வுட்டீங்க! ஒரு பெரியவரு விசிலு ஊதிக்கினு, வெள்ளம் வருது எடு எடுன்னாரு."

"அது வெள்ளம் இல்லடா. அவங்க ஊர்ல தண்ணிக்கு வெள்ளம்னு பேரு."

"எல்லா ஊர்லயும் வெள்ளம்னா தண்ணிதாண்டா! அதுக்குத்தான நான் பூந்தமல்லி தாண்டிக்கினு கீறேன்?"

"நைனா, சொல்றத கேளு. குடிக்கிற தண்ணிடா."

"வெள்ளத்தண்ணியவா குடிக்கிறாங்க? ஆசுபத்திரிக்கு போன் போடுடா மொதல்ல!"

"டேய்! உன் வண்டில கீதே, அதாண்டா வெள்ளம்!"

வண்டி நிற்கும் சத்தமும், கதவு திறக்கும் சத்தமும் கேட்டன. பிறகு சேகரின் குரல், கவலையோடு: "இறங்கிப் பாத்துட்டேன் மச்சான். டாங்க்கு ஒயுகல. எங்கயும் வெள்ளம் இல்ல."

அவருக்குப் புரியவைக்கக் கால் மணி நேரம் ஆனது. கடைசியில், "செரி, அந்த அம்மா வாயத் தொறக்காதுன்னா வர்றேன்" என்ற நிபந்தனையோடு திரும்பி வந்தார். ஃபிளாட்காரர்கள் பக்கெட்டைத் தேடி மாடிக்கு ஓடினார்கள். பாதிப் பக்கெட்டுகள் பாதுகாப்புக்காகப் பரண்மேல் ஏற்றப்பட்டிருந்தன. அதனால் குடமும் பானையுமாகத் தயாராக வந்திருந்த பள்ளத்தெருக்காரர்கள்தான் வரிசையில் முதலில் நின்றார்கள். சென்னியப்பன் சார் ஆட்சேபிக்கவில்லை. வரிசையைச் சரி செய்ய அவருக்கு ஒரு விசில் ஊத வாய்ப்புக் கிடைத்ததில் கொஞ்சம் தேறிவிட்டார். "அவசரகாலத் திட்டத்துல ஒரு கொறை இருந்துச்சுங்க. இன்னைக்குக் கண்டுபிடிச்சாச்சு" என்றார் என்னிடம். அவ்வளவு பெரிய மனசு.

தண்ணீரைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்குப் போனால், உள்ளே போக வழியில்லை. கூடத்தில் இரண்டு தையல் மெஷின், மூன்று மூட்டை அரிசி, ஒரு மீன் தொட்டி, யாருடையது என்றே தெரியாத ஒரு கட்டில். கட்டிலின்மேல் கலா அக்கா, யாருக்கோ தைத்துக்கொண்டிருந்த கல்யாணப் பட்டு ரவிக்கையை மடியில் வைத்துக்கொண்டு. அடுப்பில் உலை தீய்ந்து, வீடெல்லாம் புகை. "நீ சொன்னப்போ என் உயிரே போயிடுச்சு. ஆனா கூப்பிட்ட உடனே வீட்டைத் திறந்துவிட்டியே, அதை மறக்க மாட்டேன்" என்றார். நான் வாஷிங் மெஷினை நினைத்துச் சொன்னதை அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

மறுநாள் அறிவிப்புப் பலகையில் செயலாளரின் கையெழுத்தோடு ஒரு தாள்: 'குழுவில் குடிநீரைக் குறிக்கத் தண்ணீர் என்ற சொல்லை மட்டுமே பயன்படுத்த வேண்டும்.' அடியில் யாரோ பென்சிலால், 'அக்கட்டால என்ற சொல்லுக்கும் இது பொருந்தும்' என்று எழுதியிருந்தார்கள். எனக்கு அன்றிலிருந்து 'வெள்ளக்கா' என்று பெயர். கூரியர்காரர்கள்கூட அப்படித்தான் கேட்டு வருகிறார்கள். சேகர் இப்போதும் லாரியைக் கொண்டுவந்தால் ஹாரன் அடிப்பதில்லை. தலையை வெளியே நீட்டி, "வெள்ளம் வந்துகீதே!" என்று கத்துகிறார். ஒருவரும் ஓடுவதில்லை. நான் நோட்டுப் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன்.

போன வருடம் ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பந்தலில் சொந்தக்காரர்கள் சூழ்ந்துகொண்டு, மெட்ராஸ் விசேஷம் என்ன என்று கேட்டார்கள். சரி, சிரிக்கட்டும் என்று இந்தக் கதையை முழுதாக, விசிலோடு, ஆடுகளோடு சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் மிகுந்த கவனத்தோடு, மேலே என்ன ஆச்சு என்று காத்திருந்தார்கள்.

"செரி, நீ வெள்ளம் வந்தாச்சுன்னு சொன்னே. அதுல என்ன தப்பு?" என்றார் ஒரு சித்தப்பா.

என் மாமியார் குறுக்கிட்டார். "இவளுக்குச் சொல்லத் தெரியல்ல. நான் சொல்லுகேன், கேட்டியளா?" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆரம்பித்தார். "மூணு நாளா வெள்ளம் இல்லாம கெடந்திருக்காவ. இவ பாவம், எங்கெல்லாமோ விளிச்சு லாரியை வரவச்சு, வெள்ளம் வந்தாச்சுன்னு சொல்லியிருக்கா. ஒடனே அந்த ஆளுக டிவியத் தூக்கிட்டு மாடிக்கு ஓடியிருக்காவ!"

பந்தல் குலுங்கச் சிரித்தது. இரண்டு பேருக்குப் புரையேறியது. சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "வெள்ளம் வந்தா வாளியல்லா எடுக்கணும்? டிவி எதுக்கு?" என்றார்.

மாமியார் பெருமூச்சு விட்டார்.

"பாவம், என்ன செய்ய? தமிழ் தெரியாத ஆளுகளாக்கும்."